டி.கே.ஏ. குழந்தைக்கு எந்த பாட்டில், எந்த வேகம்: முதல் நைட் டியூட்டிக்கு முன் படிக்க

பீடியாட்ரிக்ஸ் முதல் வருடம் சேர்ந்து மூன்றாவது வாரம். ராத்திரி பதினொன்றரைக்கு ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீசிங் என்று இரண்டு நாளாக வெளியில் நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். ஸ்டெத் வைத்துப் பார்த்தால் நெஞ்சில் ஒரு விசில் சத்தம்கூட இல்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவளுக்கு வாங்குவதுபோல் ஆழமாக வாங்கியது. கிட்டே குனிந்தால் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை. "ஒரு வாரமா தண்ணி தண்ணின்னு கேக்குறா டாக்டரம்மா, ராத்திரி பாயெல்லாம் நனைச்சிடுறா" என்றார் அம்மா. குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்றது.

டயபடிக் கீட்டோஅசிடோசிஸ் (டி.கே.ஏ., இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்வது) என்று பிடித்துவிட்டேன். திண்டாட்டம் அதற்கப்புறம்தான். என்.எஸ்.ஸா (0.9% சலைன்), ஆர்.எல்.லா (ரிங்கர் லாக்டேட்), அரை சலைனா (0.45%)? ஒரு சீனியர் ஒன்று சொன்னார், போனில் கிடைத்த இன்னொருவர் வேறொன்று சொன்னார். இருபது நிமிடம் அதிலேயே போயிற்று. அப்புறம் பாட்டிலைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, வேகத்தில் கோட்டை விட்டேன். அந்தக் கதை கீழே வரும்.

இது சி.ஆர்.ஆர்.ஐ.களுக்கும் (ஹவுஸ் சர்ஜன்கள்) புதிதாகச் சேர்ந்த பி.ஜி.க்களுக்கும் (மேற்படிப்பு டாக்டர்கள்) வார்டு சிஸ்டர்களுக்கும் எழுதியது. இதிலுள்ள எண்கள் பெரும்பாலும் இஸ்பாட் (குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் நீரிழிவுக்கான சர்வதேசச் சங்கம்) 2022 வழிகாட்டுதலை ஒட்டியவை. உங்கள் யூனிட்டில் சுவரில் ஒட்டிய புரோட்டோகால் இருந்தால் அதுதான் முதல், சீனியரை எழுப்புவது அதற்கும் முதல். பெற்றோர் யாராவது படித்தால் உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, அடிக்கடி சிறுநீர் போய், வாந்தியும் ஆழ்ந்த மூச்சுமாக இருந்தால், போகும் மருத்துவமனையில் "ஒரு தடவை சுகர் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

1. பாட்டிலைத் தொடும் முன்

முதலில் எடை. அம்மா சொல்லும் எடை வேண்டாம், வயதை வைத்துப் போடும் சூத்திரமும் வேண்டாம். நம் வார்டுக்கு வரும் குழந்தைகள் பலர் வயதுக்குக் குறைந்த எடையில் இருப்பார்கள். குழந்தை நிற்காவிட்டால் அம்மாவோடு சேர்த்து நிறுத்தி, அம்மா எடையைக் கழியுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும். இனி போடப்போகும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கும்.

முடிந்தால் இரண்டு வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஐ.வி. குழாய்). ஒன்றில் டிரிப்பும் இன்சுலினும், இன்னொன்று ரத்தம் எடுக்க. முதல் ஊசியிலேயே வீனஸ் கேஸ் (சிரை ரத்தத்தின் பி.எச்.ஸும் பைகார்பனேட்டும்), சோடியம், பொட்டாசியம், குளோரைடு, யூரியா, கிரியாட்டினின், லேப் சுகர் எல்லாவற்றுக்கும் எடுத்துவிடுங்கள். தமனியில் குத்தி ஏ.பி.ஜி. எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, சிரை ரத்தமே போதும்.

டி.கே.ஏ. என்று சொல்ல: சுகர் 200க்கு மேல், பி.எச். 7.3க்குக் கீழ் அல்லது பைகார்பனேட் 18க்குக் கீழ், ரத்தத்திலோ சிறுநீரிலோ கீட்டோன். பி.எச். 7.2க்குக் கீழே போனால் நடுத்தரம், 7.1க்குக் கீழே போனால் தீவிரம். அன்று வந்தவளுக்கு எடை 20 கிலோ, பி.எச். 7.15, சோடியம் 130, பொட்டாசியம் 4.2, லேப் சுகர் 600. கீழே போடும் கணக்கெல்லாம் இவளை வைத்துத்தான்.

இங்கே ஒரு பொறி. வெளியிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தையாக இருந்தால் ரெஃபரல் சீட்டில் "ஐ.வி. ஃப்ளூயிட்ஸ் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும். எது, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு என்று இருக்காது. அப்பாவிடம் கேளுங்கள், அனுப்பிய இடத்துக்குப் போன் போடுங்கள். ஏற்கெனவே ஓடியதும் உங்கள் கணக்கில் சேர வேண்டும்.

2. முதல் அரை மணி

கை கால் சில்லிட்டு, நாடி மெலிந்து, ரத்த அழுத்தம் இறங்கி ஷாக்கில் வந்தால் கிலோவுக்கு 20 மி.லி. வேகமாக. பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடியும். மூளை வீங்கிவிடுமோ என்று பயந்து ஷாக்கில் இருக்கும் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்காதீர்கள்.

ஷாக் இல்லாவிட்டால் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி., 20-30 நிமிடத்தில். நம் குழந்தைக்கு 10 வீதம் 200 மி.லி. கொடுத்தோம்.

இதற்கு 0.9% சலைன் போதும், ஆர்.எல்.லும் போடலாம். கையில் எது இருக்கிறதோ அதைத் தொங்கவிடுங்கள். நான் இருபது நிமிடம் யோசித்தது இந்த இடத்தில்தான், யோசிக்க இங்கே ஒன்றுமே இல்லை. ஆல்புமின் போன்ற கொலாய்டுகள் வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் கலந்த எதுவும் இப்போது வேண்டாம். இன்சுலினும் இப்போது இல்லை. சோடா பைகார்ப் கை எட்டும் இடத்தில் இருந்தாலும் எடுக்காதீர்கள். பி.எச்.ஐப் பார்த்ததும் கை பரபரக்கும்தான். அமிலத்தை இறக்குவது திரவமும் இன்சுலினும். பைகார்பனேட் அபூர்வமாக, சீனியர் பக்கத்தில் நின்று சொன்னால் மட்டும்.

3. அடுத்து எந்த பாட்டில்

பரீட்சையில் கேட்பதும் வார்டில் சண்டை நடப்பதும் இதற்குத்தான். அரை சலைன் கொடுத்தால் மூளை வீங்கும், வேகமாகக் கொடுத்தால் வீங்கும் என்று நெடுநாள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 13 மையங்களில் 1,389 டி.கே.ஏ. எபிசோடுகளை வைத்து இதைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 0.9% ஒரு பக்கம், 0.45% ஒரு பக்கம்; ஒவ்வொன்றிலும் வேகமாகக் கொடுத்தது, மெதுவாகக் கொடுத்தது. மூளைப் பாதிப்பு விஷயத்தில் நான்குக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வரும்போதே நினைவு நன்றாக மங்கியிருந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்படி ஒரு குழந்தை உங்களிடம் வந்தால் அந்த முடிவைக் காட்டித் தைரியம் கொள்ள முடியாது.

விலை கூடின பிளாஸ்மாலைட் (ரத்தத்தின் உப்பு அளவை ஒட்டித் தயாரித்த டிரிப்) வாங்கச் சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் 66 குழந்தைகளுக்கு சலைனையும் பிளாஸ்மாலைட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், சிறுநீரகப் பாதிப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான். சலைனும் ஆர்.எல்.லும் சில பத்து ரூபாய் சமாச்சாரம், பிளாஸ்மாலைட் அதைப்போல் பல மடங்கு. கடன் வாங்கி வந்திருக்கும் அப்பாவை நடுராத்திரியில் மருந்துக்கடைக்கு ஓட வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

என் வழக்கம் இது: 0.9% சலைனில் தொடங்குவேன். ரிப்போர்ட்டில் குளோரைடு ஏறிக்கொண்டே போனால் ஆர்.எல்.லுக்கு மாறுவேன். சலைனில் லிட்டருக்குக் குளோரைடு 154 மில்லிஈக்விவலன்ட், ஆர்.எல்.லில் 110 சுமார். சலைன் நிறைய ஓடினால் கீட்டோன் போன பிறகும் பைகார்பனேட் ஏறாமல் அடம்பிடிக்கும். டி.கே.ஏ. சரியாகவில்லை என்று அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனியன் கேப்பைப் போட்டுப் பாருங்கள் (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் 12ஐ ஒட்டி வர வேண்டும்). கேப் மூடியிருந்தால் அது குளோரைடு செய்யும் வேலை.

ஆர்.எல்.லில் பொட்டாசியம் இருக்கிறதே என்று சிலர் பதறுவார்கள். லிட்டருக்கு 4தான். ஆனால் செஃப்ட்ரையாக்ஸோன் போகும் குழாயிலேயே ஆர்.எல்.லை ஓட விடாதீர்கள், அதில் கால்சியம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று குழந்தைகள் வார்டின் அலமாரியிலேயே உட்கார்ந்திருக்கிறது: ஐசோலைட் பி. குழந்தைக்கு டிரிப் என்றதும் பழக்க தோஷத்தில் கை அதற்குத்தான் போகும். அதில் சோடியம் லிட்டருக்கு சுமார் 25, கூடவே 5% டெக்ஸ்ட்ரோஸ். டி.கே.ஏ. குழந்தைக்கு இது ஆகவே ஆகாது. டியூட்டி மாறும்போது வாயால் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் சிவப்பில் எழுதுங்கள்.

சோடியத்தைச் சரிகட்டிப் பார்க்கவும் பழகுங்கள். சுகர் 100க்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் சோடியத்தோடு 2 கூட்டுங்கள். நம் குழந்தைக்கு 130 + 10 = 140. சுகர் 300க்கு இறங்கும்போது மெஷின் காட்டும் சோடியம் 136ஐ ஒட்டி ஏறியிருக்க வேண்டும். சுகர் இறங்க இறங்க சோடியமும் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ உப்புக் குறைந்த தண்ணீர் அதிகம் போகிறது என்று அர்த்தம். அரை சலைன் ஓடிக்கொண்டிருந்தால் முழு சலைனுக்குப் போங்கள், வேகத்தையும் திரும்பக் கணக்குப் போடுங்கள்.

4. வேகக் கணக்கு

நடுத்தர டி.கே.ஏ.வுக்கு எடையில் 7% நீரிழப்பு என்று வைப்போம் (லேசானதற்கு 5, தீவிரத்துக்கு 10). 20 கிலோவுக்கு 1,400 மி.லி. ஷாக் இல்லாமல் கொடுத்த 200 மி.லி.யைக் கழித்தால் மீதி 1,200. இதை 48 மணி நேரத்தில் கொடுத்தால் மணிக்கு 25 மி.லி. அன்றாடத் தேவை 20 கிலோவுக்கு நாளைக்கு 1,500, மணிக்கு 62.5. கூட்டினால் 87.5, 88 என்று வையுங்கள். 24 மணி நேரத்திலேயே ஈடுகட்டும் யூனிட்டுகளும் உண்டு. 24இலிருந்து 48க்குள் எதுவாக இருந்தாலும் சரி, நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும்.

இப்போது என் கதை. இன்ஃப்யூஷன் பம்ப் அன்று வேறொரு குழந்தையிடம் இருந்தது. நான் ஆர்டரில் "டிரிப் 88" என்று எழுதிவிட்டு ரிப்போர்ட் வாங்க ஓடினேன். மணிக்கு 88 மி.லி.யா, நிமிடத்துக்கு 88 துளியா என்று எழுதவில்லை. மைக்ரோ செட்டாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன், அதில் 60 துளி 1 மி.லி., அதனால் இரண்டும் ஒரே எண். மாட்டியிருந்ததோ பெரியவர்களுக்கான செட், 20 துளிக்கே 1 மி.லி. 88 துளி வீதம் மணிக்கு 264 மி.லி. ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பக்கம் வந்த சிஸ்டர் பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். "மேடம், 440ல நிக்க வேண்டியது 325ல நிக்குதே?" அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. டிரிப்பை நிறுத்தி, சீனியரை எழுப்பி, கூடப் போனதைக் கணக்கில் கழித்து மறுபடி தொடங்கினோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

அதனால் ஆர்டரை முழுசாக எழுதுங்கள்: "0.9% சலைன், மணிக்கு 88 மி.லி., மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 88 துளி." பம்ப் இல்லையா, பியூரெட் செட் (நடுவில் அளவு போட்ட சின்னக் குடுவை உள்ள டிரிப் செட்) மாட்டி ஒரு மணி நேர அளவை மட்டும் நிரப்புங்கள், தப்பாக ஓடினாலும் அதோடு நிற்கும். பாட்டில் ஓரத்தில் நெடுக ஒரு பிளாஸ்டர் ஒட்டி, மணிக்கு ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதிவிடுங்கள். தூரத்தில் போகிறவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

5. பொட்டாசியம்

ரத்தத்தில் 4.2 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். உடம்பிலோ சரக்கு காலி. இன்சுலின் தொடங்கியதும் இருப்பதும் செல்லுக்குள் போய்விடும். விடிகாலை நாலு மணி ரிப்போர்ட்டில் 2.6 பார்த்து அலறுவதற்குப் பதில் முதலிலேயே போடுங்கள்.

நம் ஊர் கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பியூல் பொதுவாக 10 மி.லி., ஒரு மி.லி.யில் 2 மில்லிஈக்விவலன்ட், ஆக மொத்தம் 20. லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். 500 மி.லி. பாட்டிலுக்கு ஒரு ஆம்பியூல் போட்டால் லிட்டருக்கு 40 ஆகிவிடும், வேண்டியதும் அதுதான். மணிக்கு 88 மி.லி. ஓடினால் கிலோவுக்கு மணிக்கு 0.18 போகும். 0.5ஐத் தாண்டக் கூடாது என்பது எல்லை, நாம் வெகு கீழே இருக்கிறோம்.

வரும்போதே பொட்டாசியம் குறைவா? இன்சுலினுக்கு முன்பே தொடங்குங்கள். 5.5க்கு மேலா? இறங்கும் வரை, சிறுநீர் போகும் வரை பொறுங்கள். லேப் இழுத்தடித்தால் இ.சி.ஜி. எடுங்கள்: டி அலை கூம்பாக உயர்ந்திருந்தால் பொட்டாசியம் அதிகம், தட்டையாகி யு அலை தெரிந்தால் குறைவு.

கே.சி.எல்.ஐ நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பது வேறு: தொங்கும் பாட்டிலிலேயே ஊசியால் கலந்துவிட்டு அப்படியே விட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் சில நிமிடம் கெட்டியாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, கலந்து, நாலைந்து தடவை கவிழ்த்து நிமிர்த்தி, "கே.சி.எல். 20" என்று நேரத்தோடு எழுதி ஒட்டிவிட்டு மாட்டுங்கள்.

6. இன்சுலின்

திரவம் தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட். ஒரேயடியாக ஏற்றும் போலஸ் கிடையாது. சிரிஞ்ச் பம்பில் மாட்டும் 50 மி.லி. சிரிஞ்சில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின், மீதி சலைன். நம் குழந்தைக்கு 0.1 வீதம் மணிக்கு 2 மி.லி. இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் 20 மி.லி.யைக் குழாய் வழியே வெளியே விட்டுவிட்டு மாட்டுங்கள். குப்பியில் மி.லி.க்கு 40 யூனிட் என்றிருக்கிறதா 100 என்றிருக்கிறதா பாருங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் 40 குப்பி அதிகம், அதற்கு சிவப்பு மூடி ஊசி. 40 குப்பியில் 50 யூனிட் என்றால் 1.25 மி.லி.

7. சுகர் 300ஐத் தொட்டதும்

மணிக்கு 36 முதல் 90 வரை இறங்குவது நல்ல வேகம். 250-300க்கு வந்ததும் டெக்ஸ்ட்ரோஸ் சேர்க்க வேண்டும். அதற்கு முன்பே சரசரவென்று சரிந்தால் அப்போதே. புதிதாக வருபவர்கள் எல்லாரும் இங்கே ஒரே தப்பைத்தான் செய்கிறோம்: சுகர் இறங்கிவிட்டது என்று இன்சுலினை நிறுத்திவிடுவது. அமிலம் இன்னும் போகவில்லை, அதற்கு இன்சுலின் வேண்டும். சுகரைத் தாங்கிப் பிடிக்க டெக்ஸ்ட்ரோஸைக் கூட்டுங்கள்.

இதற்குச் சுலப வழி டி.என்.எஸ். 0.9% சலைனும் 5% டெக்ஸ்ட்ரோஸும் கலந்தே வருகிறது. ஒரு ஆம்பியூல் கே.சி.எல். போட்டால் வேலை முடிந்தது. 5% போதாவிட்டால் 500 மி.லி. டி.என்.எஸ்.ஸில் 50 மி.லி.யை வெளியேற்றிவிட்டு 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி. சேருங்கள், ஏறக்குறைய 10% ஆகிவிடும். கை நரம்பில் 12.5%க்கு மேல் போகாதீர்கள். அரை சலைனில் 5% டெக்ஸ்ட்ரோஸ் வேண்டுமென்றால் டி.என்.எஸ்.ஸும் சாதாரண 5% டெக்ஸ்ட்ரோஸும் சரிபாதி.

வசதியிருந்தால் இரண்டு பாட்டில் முறை: ஒன்றில் சலைனும் பொட்டாசியமும், இன்னொன்றில் அதே அளவோடு 10% டெக்ஸ்ட்ரோஸ். மொத்த வேகம் 88 என்று வைத்துக்கொண்டு, சுகருக்கு ஏற்ப ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கலாம். பாட்டிலைப் பாதியில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கும் பாடு இல்லை.

8. தலைமாட்டில் இருக்க வேண்டியது

மூளைப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது, வந்தால் நாலைந்து பேரில் ஒருவர் இறந்துபோகிறார். முதல் 12 மணி நேரம்தான் அதிக ஆபத்து. தலைவலி, நின்றிருந்த வாந்தி திரும்புவது, எரிச்சல், மயக்கம், நாடி மெதுவாவது, ரத்த அழுத்தம் ஏறுவது. "நல்லா தூங்குறா" என்று அம்மா நிம்மதியாகச் சொன்னால் எழுப்பிப் பெயரைக் கேளுங்கள்.

மேனிட்டாலோ 3% சலைனோ பெட் பக்கத்திலேயே இருக்கட்டும், மி.லி. கணக்கையும் முன்பே எழுதி ஒட்டுங்கள். 20 கிலோவுக்கு: 20% மேனிட்டால் 50-100 மி.லி., அல்லது 3% சலைன் 50-100 மி.லி., 10-15 நிமிடத்தில். சந்தேகம் வந்தால் கொடுத்துவிட்டுத்தான் ஸ்கேன். சி.டி. வண்டிக்காகக் காத்திருக்காதீர்கள்.

9. காகிதமும் காசும்

ஒரே தாளில் கட்டம் போடுங்கள்: மணி, சுகர், நாடி, அழுத்தம், நினைவு நிலை, உள்ளே போனது, சிறுநீர், எந்த பாட்டில், இன்சுலின் வேகம். இவை மணிக்கொரு தடவை. கேஸும் எலக்ட்ரோலைட்டும் 2-4 மணிக்கொரு தடவை. இரவில் லேப் ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் அதற்கேற்ப முன்கூட்டியே எடுத்து அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் வந்த நேரத்தை எழுதாதீர்கள், ரத்தம் எடுத்த நேரத்தை எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் காலை ரவுண்ட்ஸில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அரசு மருத்துவமனையில் இதெல்லாம் இலவசம், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தீர்ந்துபோவதுதான் தலைவலி. ஒரு நாளைக்கு 24க்குக் குறையாமல் வேண்டும், டியூட்டி ஏறும்போதே எண்ணிப் பாருங்கள். தனியாரில் டிரிப் பாட்டிலுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. கேஸ் டெஸ்ட்டும் ஐ.சி.யு. வாடகையும்தான் பில்லை ஏற்றும். இதை முதல் மணியிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் குடும்ப அட்டை நகலையும் காலையில் கொண்டுவரச் சொல்லி, காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி கேட்கலாம். அட்டை வரும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

108இல் மேலே அனுப்புவதாக இருந்தால் சீட்டில் இவை கட்டாயம்: எடை, முதல் கேஸ், கொடுத்த ஒவ்வொரு திரவமும் மி.லி.யிலும் மணியிலும், பொட்டாசியம் போட்டதா, இன்சுலின் எப்போது தொடங்கி என்ன வேகம், கடைசி சுகர், நினைவு நிலை. வழியில் பம்பைப் பார்க்க ஆள் இல்லை என்றால் இன்சுலினோடு அனுப்பலாமா என்று பெரிய ஆஸ்பத்திரியிடம் போனில் கேட்டு முடிவெடுங்கள்.

10. டிரிப்பை எடுப்பது

பி.எச். 7.3, பைகார்பனேட் 18 தாண்டி, வாந்தி நின்று, குழந்தை தானாகக் குடிக்கக் கேட்டால் நேரம் வந்துவிட்டது. வாய்வழி குடிப்பதை டிரிப் கணக்கில் கழித்துக்கொண்டே வாருங்கள், இதைப் பலர் மறக்கிறார்கள். தோலுக்கடியில் ரெகுலர் இன்சுலின் போட்டு, ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பம்பை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு ஊசி போட்டால் நடுவில் இன்சுலினே இல்லாத இடைவெளி விழுந்து கீட்டோன் திரும்பும். எங்கள் குழந்தைக்கு மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு ஊசி, இட்லி வந்ததும் இரண்டு சாப்பிட்டாள், எட்டு மணிக்கு பம்ப் நிறுத்தினோம். வென்ஃப்ளானை மட்டும் காலை வரை விட்டுவைத்தோம்.